கணக்கு நாளில் பணியில் உள்ளவர்கள்

மீட்டர் சாருக்கு யாரையுமே பிடிக்காது என்று எங்கள் கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவருக்கு எல்லாரையும் பிடிக்கும், நம்பத்தான் மாட்டார். பதினொரு வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து குப்பை கொட்டியவள் நான். அவரைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ளவர்கள் அவர் வீட்டில்தான் இருக்க முடியும். அவர்களும் ஒரு நாளில் எட்டு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் அளவெடுக்கும் வேலையில் இருந்தார். வீட்டுக்காரர் சிரித்த முகமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் மீட்டரில் ஏதோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். கதவைத் திறக்கத் தாமதம் செய்தால், வைத்த கையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். "அப்ப நேர்மையான வீட்டை எப்படித்தான் கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "அங்க நாய் கடிக்கும் மேடம்" என்றார். பேன்ட்டைத் தூக்கித் தழும்பையும் காட்டினார். பிறகு மீட்டர்களே தம் அளவைத் தாமே அனுப்பத் தொடங்கிவிட்டன. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் எங்கள் பொறியியல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் அறை இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டி. பணி நிலவரப் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கும். இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும் இரும்பு அலமாரி ஒன்று. பட்டம் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடித்துப் பட்டியல் போடுவதுதான் வேலை. பட்டம் கொடுத்து ஒன்பதாவது மாதத்தின் கடைசி வேலைநாளுக்குக் கணக்கு நாள் என்று பெயர். அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் 'பணியில் உள்ளார்', எங்காவது மேலே படித்துக்கொண்டிருந்தால் 'மேற்படிப்பில் உள்ளார்', இரண்டும் இல்லையென்றால் 'வேலை தேடுகிறார்'. பட்டியலின் கீழே மீட்டர் சார் கையெழுத்துப் போடுவார். அதிலிருந்து ஒரு சதவீதம் வரும். அந்தச் சதவீதம் வாசலில் என்னைவிட உயரமான பலகையில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருடத்துப் பெற்றோர்கள் உள்ளே வருவார்கள்.

பிள்ளைகள் பொய் சொல்வார்கள். கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது, வெட்கம். நாலு வருடம் பொறியியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்? மீட்டர் சாருக்கு அதெல்லாம் செல்லாது. வேலைநாளில் காலை பதினொரு மணிக்குத்தான் கூப்பிடுவார். பேசுகிறவர் குரலைவிடப் பின்னால் கேட்கும் சத்தத்தில்தான் காதை வைத்திருப்பார்.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"ஆபீஸ்ல சார்."

"உங்க ஆபீஸ்ல டிவி சீரியல் எல்லாம் போடுவாங்களா? இப்ப அழறது யாரு, மாமியாரா மருமகளா?"

எதிர்முனையில் டிவி சத்தம் சட்டென்று குறையும். பிறகு, "மருமக சார்" என்று உண்மை வரும். ஒரு தடவை ஒரு அம்மா எடுத்து, மகன் மீட்டிங்கில் இருக்கிறான் என்றார். குறட்டைச் சத்தம் கேட்கிறதே என்றார் இவர். "அது அவங்க மேனேஜர்" என்று சட்டென்று சொன்னார் அந்த அம்மா. மீட்டர் சார் போனை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். சிரித்து முடித்து, அந்தப் பையனின் பெயருக்கு எதிரே 'வேலை தேடுகிறார்' என்று எழுதினார்.

சந்தேகம் பொய்த்ததும் உண்டு. ஒரு பெண் லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறேன் என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டாள். குளியலறையில் நின்று பேசுகிறாள் என்று தீர்ப்பு எழுதினார் இவர். அடுத்த வாரம் அவள் நேரில் வந்து நின்றாள், உடம்பெல்லாம் கிரீஸ் அப்பிய வேலை உடுப்போடு. "அன்னைக்கு லிஃப்ட் குழிக்குள்ள நின்னுட்டு இருந்தேன் சார்" என்று அவர் முன்னால் இருந்த படிவத்தின் மேல் கையை ஊன்றினாள். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன. மீட்டர் சார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மனிதர் தோற்க ஆசைப்பட்டுத்தான் சந்தேகப்படுகிறார்.

அவருக்கு ஒரே மகள். ஐந்து வருடம் முன்னால் அவளை எங்கள் கல்லூரியிலேயே சிவில் பிரிவில் சேர்த்தார். ஏன் இங்கேயே என்று கேட்டவர்களிடம் எல்லாம், "மத்த காலேஜ் பட்டியலை எவன் போட்டான்னு எனக்குத் தெரியாது. இந்தப் பட்டியலை நான் போட்டேன்" என்றார். உலகத்தில் அவர் நம்பிய ஒரே காகிதம் அவர் கையெழுத்துப் போட்ட காகிதம்தான். அதில் சிவில் பிரிவுக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு என்று இருந்தது.

அந்த மகள் பட்டம் வாங்கிய வருடத்துப் பட்டியல்தான் இந்தக் கதை. பட்டியலில் சொந்தக்காரர்களின் வரியை அடுத்த மேசைக்காரர்தான் சரிபார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு விதி. அதனால் மகளை நான் கூப்பிட்டேன். அவர் அப்போது முதல்வர் அறைக்குப் போயிருந்தார்.

"வேலைக்குப் போறேன் ஆன்ட்டி. லெட்டரும் சம்பளச் சீட்டும் அனுப்பறேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. கம்பெனி பேர் என்ன?"

சொன்னாள். கேள்விப்பட்ட பெயராக இருந்தது. எங்கே என்றுதான் உடனே பிடிபடவில்லை.

"ஆன்ட்டி, ஒரு உதவி. எந்தக் கம்பெனின்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பில்டிங் டிசைன் பண்ற இடம்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் சரி என்றேன். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். பதினொரு வருடம் அந்த மனிதரின் எதிரில் உட்கார்ந்தும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. லெட்டர் வந்தது, சீட்டும் வந்தது, முத்திரை எல்லாம் கச்சிதம். 'பணியில் உள்ளார்' என்று எழுதிவிட்டேன்.

பத்து நாள் கழித்து மீட்டர் சார் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "மேடம், ஒருத்தர் மூணு மாசமா வேலைக்குப் போறார். மேலதிகாரியைப் பத்தி வீட்ல ஒரு வார்த்தைகூட திட்டலை. நடக்குமா?"

"நல்ல மேலதிகாரியா இருக்கும்."

"எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். அப்படி ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை." டப்பாவின் மூடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். "எட்டரைக்குக் கிளம்பறா, அஞ்சரைக்கு வர்றா. ஒருநாள்கூட லேட்டாகலை. பில்டிங் வேலைல இருக்கறவ செருப்புல ஒரு துளி சிமென்ட் இல்லை. அவ எங்க வேலை பாக்கறான்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதானே கூப்பிட்டீங்க."

"ஏதோ டிசைன் கம்பெனி. பேர் ஞாபகம் இல்லை சார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்களை எல்லாம் எப்படிப் பார்த்திருப்பார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் ஏதாவது எழுதினால் மட்டும் பேனா எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலாம் நாள் காலை, கம்பெனிவாரியாகப் பிரித்து அடுக்கிய பட்டியலை என் மேசையில் வைத்தார். ஒரே கம்பெனியில் அறுபத்தோரு பேர். எல்லாரும் வேலையில் சேர்ந்தது ஒரே தேதி. கணக்கு நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முந்தைய தேதி. மகளின் பெயர் நாற்பத்து நாலாவதாக இருந்தது.

"லெட்டர் சரியா இருக்கு. சீட்டு சரியா இருக்கு. இதுல இருக்கற முப்பது பேரை நானே பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். கீபோர்டு சத்தம் கேட்டுச்சு, பொய் இல்லை. எல்லாம் சரியா இருக்கறதுதான் மேடம் சரியில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "இவ பேர் இதுல இருக்கறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"ஏன் சொல்லலை?"

"அவ கேட்டுக்கிட்டா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேர்ல போய்ப் பாக்கணும். ரெண்டு பேர் போகணும்னு விதி. வாங்க" என்றார்.

லெட்டரில் இருந்த முகவரியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் விளையாட்டு மைதானம், மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கட்டடம். அதன் மூன்றாவது மாடி. கல்லூரி நிர்வாகத்தின் சொந்தக் கட்டடம்தான். கீழே பழுதான பெஞ்சுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மைதானத்தைக் கடந்து போனோம். மூன்று மாதமாக மகள் காலையில் வேறு பேருந்தில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அவருக்கு இருநூறு அடி தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளே நீளமான கூடம். வரிசையாக மேசை, வரிசையாகக் கணினி, கழுத்தில் நீல அட்டையோடு எங்கள் பிள்ளைகள். ஒவ்வொரு திரையிலும் ஒரு சுவரின் படம். சுவரில் எங்கே விரிசல் இருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போக வேண்டும். மேற்பார்வை பார்க்க ஒருவர் வாசலருகே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பரிசோதனைக்கு வந்த வெளியாட்கள் என்று நினைத்து எழுந்து நின்றார். மீட்டர் சாரை அடையாளம் தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மகள் ஐந்தாவது வரிசையில் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. மீட்டர் சார் அவள் பக்கத்தில் போய் நின்று, பையிலிருந்து படிவத்தை எடுத்தார். இது விதிப்படி என் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"பணியின் பெயர்?"

"கட்டுமானத் தர ஆய்வாளர்."

"படிச்ச படிப்புக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு உண்டா?"

"சுவர் இருக்கேப்பா."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"இந்தப் படம் எல்லாம் எங்கேருந்து வருது? யார் கேட்டாங்க?"

"தெரியலை. ஆனா போன திங்கக்கிழமை பார்த்த விரிசல்தான் இந்தத் திங்கக்கிழமையும் வந்துது. அதோ, அந்த மூலைல நாய்க்குட்டி மாதிரி இருக்கு பாருங்க, அதை நான் ஏழு தடவை சுத்திட்டேன்."

மீட்டர் சார் படிவத்தில் எதுவும் எழுதவில்லை. "இந்த வேலை எதுவரைக்கும்?"

மகள் இழுப்பறையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தாள். எங்களுக்கு அனுப்பிய லெட்டரில் இல்லாத ஒரு தாள் அதில் இருந்தது. பணி நிலவரப் பட்டியல் கையெழுத்தாகும் நாள் வரை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. பட்டியல் முடிகிறவரை வெளியிலிருந்து பரிசோதகர்கள் எந்நேரமும் வரலாம். வந்தால் காட்ட ஆள் வேண்டும். முடிந்துவிட்டால் வேண்டாம்.

"நீங்க எப்ப கையெழுத்துப் போடறீங்களோ, அதுவரைக்கும்பா" என்றாள் மகள். "ஐம்பத்தி நாலு இடத்துக்கு எழுதிப் போட்டேன். நாலு இடத்துல கூப்பிட்டாங்க. ஒண்ணும் ஆகலை. உங்ககிட்ட வந்து தேடிட்டு இருக்கேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நீங்க போன்ல மத்தவங்ககிட்ட எப்படிப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

திரும்பி வந்ததும் அவர் அலமாரியை இழுத்தார். பழைய பட்டியல்களை எல்லாம் தரையில் பரப்பினார். போன வருடம் வேறொரு கம்பெனி, ஐம்பது சொச்சம் பேர், முகவரி மஞ்சள் கட்டடம் மூன்றாவது மாடி. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு பெயர், அதே மாடி. மகளைச் சேர்த்த வருடத்துப் பட்டியலில், அந்த எண்பத்தெட்டு சதவீதத்துக்குள், நாற்பது பேர் அந்த மாடியில் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் இவர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார், சத்தம் கேட்டிருக்கிறார், சரி என்று குறி போட்டிருக்கிறார். அந்த ஒரு நாளை மட்டும் துருவித் துருவிப் பார்த்த மனிதர், அதற்கு அடுத்த நாளைப் பற்றி ஒருவரிடமும் கேட்டதில்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

"ஊரையே சந்தேகப்பட்டேன் மேடம். என் கையெழுத்தை நம்பி நானே ஏமாந்திருக்கேன்" என்றார். தரையிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் டீன் வந்தார். எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் டீன். பட்டியல் ரெடியா, தொண்ணூற்றொரு சதவீதம் வந்துவிடுமா என்று கேட்டார். மீட்டர் சார் நாற்காலியிலிருந்து எழுந்து, பணிவாக, "ஒரு சின்னச் சந்தேகம் இருக்கு சார்" என்றார்.

என்ன சந்தேகம் என்றால், ஒரு பையனின் தலைப்பெழுத்து லெட்டரில் ஒரு மாதிரியும் சான்றிதழில் ஒரு மாதிரியும் இருக்கிறதாம். அதைச் சரிசெய்ய இரண்டு நாள். பிறகு ஒரு முத்திரையின் மை வெளுத்திருந்தது. பிறகு மேற்படிப்புக்குப் போன ஒருத்தி உண்மையிலேயே போனாளா என்று கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வர வேண்டாமா? ஒன்று மாற்றி ஒன்று சந்தேகம் என்று மூன்று வாரம் ஓட்டினார். அவர் கையெழுத்துப் போடாதவரை மஞ்சள் கட்டடத்தை மூட முடியாது. மைதானத்தில் எதிர்ப்படும் பிள்ளைகள், "சார், நல்லா சந்தேகப்படுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவும் மகளும் இப்போது ஒரே பேருந்தில் வந்து இறங்கினார்கள்.

டீனின் சிரிப்பு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. எங்கள் அறைக்கு வெளியே யாரோ நிற்பது போல இருக்கும், போய்ப் பார்த்தால் டீனின் உதவியாளர் நோட்டீஸ் பலகையை ஆழ்ந்து படித்துக்கொண்டிருப்பார். எனக்கோ வேறு அரிப்பு. இந்த மனிதர் அறுபத்தோரு பேருக்காக இதைச் செய்கிறாரா, ஒருத்திக்காகச் செய்கிறாரா? ஊரான் பிள்ளை என்றால் ஒரே நாளில் 'வேலை தேடுகிறார்' என்று கிறுக்கியவர்தானே. அவரிடம் கேட்கவில்லை. மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன், அதை அவரும் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்குள் புதிய மாணவர் சேர்க்கை தொடங்கிவிட்டது. பட்டியல் முடியாவிட்டால் என்ன, வாசல் பலகையில் தொண்ணூற்றொன்று ஏறிவிட்டது. கீழ்த்தளக் கூடத்தில் நாலு மேசை போட்டு, பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். நானும் மீட்டர் சாரும் தாள் கட்டு வாங்கக் கீழே போனோம். வரிசையின் பாதியில், காக்கிச் சீருடையோடு ஒரு பேருந்து நடத்துநர் அம்மா மகளோடு நின்றுகொண்டிருந்தார். டிக்கெட் பை இன்னும் தோளில் தொங்கியது. இடைவேளையில் ஓடி வந்திருக்கிறார். மீட்டர் சாரின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"சார், நீங்க இங்க வேலை பாக்கறவரா? அந்தப் பலகைல போட்டிருக்கறது எல்லாம் நெசமா? என் பொண்ணு சிவில்தான் வேணுங்கறா."

மீட்டர் சார் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா சார்? எங்க படிச்சாங்க?"

"ஒரு பொண்ணு. இங்கதான். சிவில்தான்."

"அப்ப வேலையில இருக்காளா?"

"இருக்கா" என்றார்.

அந்த அம்மாவின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "பெத்தவர் நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன" என்று மகளின் முதுகில் கை வைத்து மறுபடி வரிசையில் நின்றார். நாங்கள் மேலே வந்தோம். மீட்டர் சார் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். தாள் கட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"படிவத்துப்படி நான் சொன்னது சரிதான் மேடம்."

"படிவத்துப்படி சரிதான் சார்."

"அந்தம்மா படிவத்தையா கேட்டாங்க?"

தாள் கட்டை மேசையில் போட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கினார். ஐம்பத்தாறு வயது மனிதர் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். நடத்துநர் அம்மா மேசையை நெருங்கிவிட்டார். மகள் பேனாவைத் திறந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். நான் சொன்னது பொய். என் பொண்ணு வேலையில இல்லை."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "கால் மணி நேரத்துக்கு முன்னாடி இருக்கான்னீங்க. இப்ப இல்லைங்கறீங்க. பதினாறு வருஷமா பஸ்ல டிக்கெட் கிழிக்கறேன் சார், ஒரு நாளைக்கு நூறு கதை கேக்கறேன். என்ன விஷயம்? இந்த சீட் வேற யாருக்காவது வேணுமா?"

"சத்தியமா இல்லைம்மா."

"சத்தியம் பண்றவங்ககிட்டத்தான் டிக்கெட் இருக்காது."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்காரர் டீனுக்குப் போன் செய்தார். தன்னை நம்பச் சொல்லி மீட்டர் சார் யாரிடமும் கேட்டுப் பழகியதில்லை, எப்படிக் கேட்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, "அவளை வரச் சொல்லுங்க மேடம். எதுக்குன்னு சொல்ல வேணாம்" என்றார்.

கூப்பிட்டேன். மைதானத்தைக் கடந்து வர அவளுக்கு நாலு நிமிடம் ஆகியிருக்கும். அவள் ஆமாம் என்றால் மற்ற அறுபது பேருக்கும் இன்னும் சில வாரம் ஓடும், அவளுக்கும் ஓடும். அப்பா எதை எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கே உறுதியாகத் தெரியாது. மூன்று மாதம் பொய் சொல்லிப் பழகியவள், அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கழுத்தில் நீல அட்டை. அதைத்தான் நடத்துநர் அம்மா முதலில் பார்த்தார்.

"இதோ, அட்டை தொங்குது! வேலையில இல்லைன்னாரே? உன்கிட்டயே கேக்கறேன்மா. நீ வேலையில இருக்கியா இல்லையா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை அசைக்கவில்லை, கண்ணைக்கூட அசைக்கவில்லை. பிறகு பேனாவோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவளைவிட ஐந்து வயது சின்னவள்.

"இல்லைங்க" என்றாள். "வேலை தேடிட்டு இருக்கேன்."

"அப்ப இந்த அட்டை?"

"கணக்குல காட்டறதுக்காகக் கொடுத்தது. கணக்கு முடிஞ்சதும் வாங்கிப்பாங்க. என்னோட இன்னும் அறுபது பேர் இருக்கோம். எல்லாரும் தேடிட்டுத்தான் இருக்கோம்."

"பின்ன இவர் எதுக்கு வேலையில இருக்கான்னு சொன்னாரு?"

"அவர் என் அப்பாங்க."

நடத்துநர் அம்மா மீட்டர் சாரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். தன் மகளின் கையிலிருந்து படிவத்தை வாங்கி நாலாக மடித்து டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, வரிசையை விட்டு வெளியே நடந்தார்.

டீன் வருவதற்குள் நாங்கள் மூன்று பேரும் மேலே வந்துவிட்டோம். மீட்டர் சார் பட்டியலை எடுத்தார். அறுபத்தோரு வரியைத் திருத்த வேண்டும், ஒவ்வொன்றின் ஓரத்திலும் காரணம் எழுத வேண்டும். நாளைக்கு மற்ற அறுபது பேரின் வீட்டிலும் தன்னைச் சபிப்பார்கள் என்றார். பேனாவைப் பிடித்தபோது அழுதுகொண்டிருந்தார். நான் பார்க்காதது போல எல்லாம் இருக்கவில்லை, நானும் அழுதேன். அவருக்குக் கண்ணாடி நனைந்து பெயர்கள் தெரியவில்லை. மகள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பட்டியலைத் தன் பக்கம் திருப்பி, அவர் எழுத எழுதப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். நாற்பத்து நாலாவது பெயருக்காகக் காத்திருக்கவில்லை, தன் பெயரைத்தான் முதலில் வாசித்தாள்.